டென்ஷன் ஜீனும் ஆவணி முகூர்த்தமும்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். தென்காசி ரயில் நிலையத்துக்கு வெளியே நான் முதலில் பார்த்தது இரண்டு பாம்புகளை. பத்தடி உயர பிளக்ஸில் அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நின்றன. அவற்றுக்குக் கீழே, பாம்புகளைவிடப் பெரிதாக, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "மன அழுத்த மரபணு மாபெரும் ஆய்வு முகாம். ஓட்டுநர் சொந்தங்களே வருக. தங்குமிடம், உணவு இலவசம். அருவி மிக அருகில்."

மரபணுவின் இரட்டைச் சுருளை வரையச் சொன்னபோது, பிளக்ஸ் கடைக்காரருக்குக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வரைந்த அனுபவம் கைகொடுத்திருக்கிறது. என்னோடு ரயிலில் இருந்து இறங்கிய ஒரு பெண்மணி கணவரிடம், "நாகதோஷத்துக்குப் பரிகாரம் பண்ணுதாவ போல. விசாரிச்சிட்டு வாங்க" என்றார். அவரும் விசாரிக்கப் போனார்.

நான் வந்ததும் அந்த முகாமுக்குத்தான். பத்திரிகையில் நெடுங்காலம் மருத்துவப் பக்கம் பார்த்த பிறகு ஓய்வு பெற்றவனுக்குக் கிடைக்கும் வேலைகள் குறைவு. ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதித் தருவது அவற்றில் ஒன்று. பெங்களூரில் உள்ள ஒரு ஆய்வுக் குழு என்னிடம் ஒரு படிவத்தையும் ஒரு கேள்விப் பட்டியலையும் எழுதி வாங்கியது. பிறகு, அவற்றை நிரப்பித் தரவும் நீங்களே வாருங்கள் என்றது. சென்னையில் என் குடியிருப்பில் அந்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

ஆய்வின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதனுக்கு நெருக்கடி வந்தால் மூளை தகவல் அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை இறக்கும். நெருக்கடி தீர்ந்ததும் அதை நிறுத்த ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கைச் செய்யும் மரபணுக்கள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிரேக் மெதுவாகப் பிடிக்கிறவர்களை, தூக்கத்தைத் துரத்தும் மாத்திரை போன்ற ஊக்கப் பொருள்கள் கூடுதலாகப் பிடிக்குமா? விட்ட பிறகும் நெருக்கடி வரும்போது பழைய ஆசை திரும்புமா? இதுதான் கேள்வி. இதற்கு மாத்திரை போட்டு விட்டவர்கள் ஒரு பக்கமும், தொடவே தொடாதவர்கள் மறு பக்கமும் வேண்டும். எச்சிலில் ஹார்மோன் பார்ப்பார்கள், ரத்தத்தில் மரபணு பார்ப்பார்கள்.

என்னை அழைத்துப் போக வேன் கொண்டு வந்தவர் இசக்கிமுத்து. வயது முப்பத்து மூன்று. கடையத்துக்காரர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் கொல்லத்தில் இறக்குவது தொழில். முகாமுக்காக மூன்று நாள் விடுப்பு போட்டிருந்தார். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இலஞ்சி தாண்டும் முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"சார், அந்த ஜீன் ரிப்போர்ட் எப்பம் கைக்குக் கிடைக்கும்?"

கிடைக்காது என்றேன். தனி ஆளுக்கு முடிவு தரப்படாது, படிவத்தின் நான்காவது பத்தியில் இருக்கிறது, எழுதியது நான்தான்.

வண்டி நின்றது. ஓரமாக அல்ல, சாலையின் நடுவில். பின்னால் ஒரு அரசுப் பேருந்தும் மூன்று சுற்றுலா வேன்களும் ஒரே குரலில் ஹாரன் அடித்தன.

"அப்பம் எனக்கு ஆவணியில கல்யாணம் இல்ல சார்" என்றார் இசக்கிமுத்து.

பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏலே, மாப்பிள்ளை ஊர்வலமால நடத்துத? எடுல வண்டிய."

வண்டியை எடுத்துக்கொண்டே இசக்கிமுத்து சொன்னது இது. அவர் பதினான்கு மாதம் முழிப்பு மாத்திரை போட்டவர். விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வடகரையில் பெண் பேசியிருக்கிறார்கள். பெண் சண்முகப்பிரியா தென்காசியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். இருவருக்கும் சம்மதம். மாத்திரை விஷயத்தை இவரே பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் சங்கரபாண்டியன், ஊருக்கு ஏட்டையா. ஏட்டையா உண்மையை மெச்சினார். பிறகு இந்த முகாமின் பிளக்ஸைப் பார்த்தார். இப்போது அவர் கேட்பது ஒன்றுதான்: டென்ஷன் ஜீன் இல்லை என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்த தாள். ஆடி முடிவதற்குள் வந்தால் ஆவணியில் முகூர்த்தம். வராவிட்டால் வேறு இடம்.

"ஜாதகம் பொருந்திட்டு சார். பத்துக்கு எட்டு" என்றார். "இதுதான் ஒன்பதாவது பொருத்தமாம்."

குற்றாலத்தில் அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. முகாம் நடக்கும் விடுதியின் வாசலில் ரம்பூட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருந்தன. நேந்திரம் சிப்ஸ் எண்ணெயில் விழும் சத்தம், அருவியின் சத்தத்தை ஒரு ஐம்பதடிக்கு வென்றது. சென்னையில் மன இறுக்கம் தீர ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பலகை மாட்டியிருப்பார்கள். இங்கே பாறையிலிருந்து அது இலவசமாக விழுகிறது. விழும் இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீசார் விசில் ஊதுகிறார்கள். குளிப்பவர்களின் இறுக்கம் அவர்களுக்கு இடம் மாறியதுபோல் இருந்தது.

பிளக்ஸில் கும்பிட்டவர் நேரிலும் கும்பிட்டார். ஓட்டுநர் சங்கச் செயலாளர், செல்லத்துரை அண்ணாச்சி. முகாமுக்கு ஆள் சேர்த்தவர் அவர்.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"மாத்திரை போட்டு விட்டவன் நாப்பது. போடாதவனும் நாப்பது கேட்டாவ. அது கொஞ்சம் சிரமம். எங்க மச்சான், மச்சான் வீட்டு ஆளுவன்னு ஒப்பேத்தியிருக்கேன்."

மாலையில் ஆய்வுக் குழுத் தலைவியான டாக்டர் மேடம் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து விளக்கினார். நல்ல தமிழ்தான், ஆனால் ஏற்பி, பின்னூட்டம் என்று போனது. ஓட்டுநர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி எழுந்தார்.

"ஏலே, கேளுங்க. டென்ஷன் வந்தா உடம்புல பிரஷர் ஏறும். ஏறின பிரஷர் இறங்கணும். சில வண்டியில வால்வு சரியா மூடாது. அந்த வால்வு கம்பெனியிலேயே அப்படி வந்ததா, நீ ஓட்டின ஓட்டுல கெட்டுச்சான்னு மேடம் பாக்காவ. அம்புட்டுதான்."

எண்பது தலைகள் ஒன்றாக ஆடின. பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: "கம்பெனி பால்ட்டுன்னா மாத்திக் குடுப்பாவளா?"

மேடம் அந்த உவமையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டுப்பாடுகள் வாசிக்கப்பட்டன. காலையில் எழுந்ததும் எச்சில் தர வேண்டும். அதற்கு முன் டீ, காபி, வெற்றிலை, பீடி, மது, சாப்பாடு, பல் துலக்கல், ஓட்டம், உடற்பயிற்சி எதுவும் கூடாது. நான் எழுதிய பட்டியல், ஒன்பது இனங்கள். விட்டுப்போனது எதுவும் இல்லை என்று நினைத்தேன். இரவு உணவுக்குக் கேரள எல்லையில் உள்ள பார்டர் கடைகளில் இருந்து பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எட்டு பரோட்டாவை அடுக்கிக் கிழித்துச் சால்னாவில் மூழ்கவிட்டு, "டயட்டு சார்" என்றார்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கூடத்தில் மேடம், அவருடைய உதவியாளர், ரத்தம் எடுக்க, இசக்கிமுத்துவுக்குப் பேசியிருக்கும் அதே பிரியா, படிவத்தோடு நான். எண்பது குழாய்கள் வரிசையாக நின்றன. ஆள் ஒருவரும் இல்லை. அறைகள் திறந்து கிடந்தன.

ஆறு ஐம்பதுக்கு வந்தார்கள். எல்லோரும் ஒன்றாக, ஈரத் துண்டோடு, தலையில் இருந்து நீர் சொட்டச் சொட்ட, முகத்தில் அப்படியொரு அமைதியோடு வந்தார்கள். சிலர் உடம்பில் எண்ணெய் மினுமினுத்தது. நாலு மணிக்கே எழுந்து, எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்து, வரிசையில் நின்று, பேரருவியில் அரை மணி நேரம் அடி வாங்கிவிட்டு வந்திருந்தார்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் என் பட்டியலைப் பார்த்தேன். குளிக்கக் கூடாது என்று அதில் இல்லை. பெங்களூரில் அது யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன?" என்றார் மேடம். "குளிர்ந்த தண்ணி, மசாஜ், நெரிசல். ஒவ்வொண்ணும் ஹார்மோன் அளவை மாத்தும். எது எவ்வளவு மாத்துச்சுன்னு பிரிக்கவே முடியாது."

அண்ணாச்சிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "மேடம், குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வந்து, குளிக்காம எச்சியத் துப்புன்னா எவன் வருவான்? அருவி அருகில்னு போட்டதுக்குத்தான எண்பது பேரு. கல்யாண மண்டபம் அருகில்னு போட்டிருந்தா எட்டு பேரு."

நாளை காலை மறுபடி எடுப்பது, அதுவரை அருவிக்குப் போகக் கூடாது என்று முடிவாயிற்று. தொடாதவர் பக்கத்தில் பதினோரு பேர் அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் வந்த காரியம் முடிந்திருந்தது. ஒருவர் போகிற போக்கில், "எச்சிக்காக எவனாவது சீசனை விடுவானா" என்று சொன்னது காதில் விழுந்தது.

சன்னல் வழியே வந்த ஒரு குரங்கு, காலிக் குழாய் ஒன்றை எடுத்து, முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தது. உதவியாளர் அந்தக் குழாயைத் தனியே எடுத்து உறையிட்டார். அவர் மனநிலை அன்று அப்படி இருந்தது.

மரபணு குளித்தால் மாறாது என்பதால் ரத்தம் மட்டும் அன்றே எடுத்தார்கள். மாத்திரை போட்டவர்களுக்கு மணிக்கட்டில் சிவப்புப் பட்டை, தொடாதவர்களுக்குப் பச்சை. இசக்கிமுத்து சிவப்புப் பட்டையோடு பிரியாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் படிவத்தில் குனிந்திருந்தேன். காதுக்கு வேலை இருந்தது.

"கையை மடக்காதிய. நரம்பு ஓடுது. பயமா?"

"எனக்கு இல்ல. உங்க அப்பாக்குத்தான் பயம்."

"அவருக்கு ஊசின்னாதான் பயம். உங்களைக் கண்டு இல்ல."

"பெறவு எதுக்குப் பேப்பர் கேக்காரு?"

"முப்பது வருசம் பேப்பரை நம்பி வேலை பாத்த ஆளு. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போனா ஆளைப் பாக்க மாட்டாரு, ரிக்கார்டைப் பாப்பாரு." பஞ்சை அழுத்தினார். "ரெண்டு நிமிசம் இப்படியே பிடிங்க. ஆடி முடிய இன்னும் எட்டு நாளு கிடக்கு."

"ஜீன் இல்லன்னு ஒரு தாள் உங்க லேபுல..."

"அந்தப் பேச்சை இங்கனயே விட்டுருங்க" என்றார் பிரியா. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பகல் பதினொரு மணிக்கு ஏட்டையாவே வந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது. வேட்டி, அயர்ன் செய்த அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்ததும் கூடத்தின் வாசல்கள் எத்தனை என்று எண்ணினார். பிறகு மேடத்தின் முன் உட்கார்ந்தார்.

"மேடம், ஆளு நல்லவன். மறைக்காம சொன்னான். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பழைய கேஸு திரும்ப ஓப்பன் ஆகுமா, ஆகாதா?"

மேடம் பொறுமையாகச் சொன்னார். ஒரு ஜீன் இல்லை, பல இருக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. வளர்ந்த விதம், வேலை, பட்ட கஷ்டம் எல்லாம் சேரும். ஒரு ஆளின் ரத்தத்தைப் பார்த்து இவர் திரும்பப் போடுவார், போடமாட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்பம் எதுக்கு ரத்தம் எடுக்கிய?"

"நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும்."

ஏட்டையா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மாட்டினார். "ஆயிரம் பேரை விசாரிப்பிய, ஒருத்தனையும் பிடிக்க மாட்டிய. நாங்க ஒருத்தனை விசாரிச்சு ஆயிரம் கேஸை முடிச்சிருக்கோம்."

மேடம் சிரிக்கவில்லை. ஏட்டையாவும் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

தாள் கிடையாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். இசக்கிமுத்து வாசலருகே நின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போது ஏட்டையா, "உங்க அப்பாவை ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. பேசி முடிச்சிருவோம்" என்றார். முடிப்பது என்றால் எந்த அர்த்தத்தில் என்று இசக்கிமுத்து கேட்கவில்லை. சம்பந்தம் முறிகிறது என்று புரிந்துவிட்டது. "சரி சார்" என்றார்.

ஏட்டையாவை நிறுத்தியது அண்ணாச்சி. பச்சைப் பட்டைக்கு ஆள் ஓடிப்போன கவலை அவருக்கு. "ஏட்டையா, வந்தது வந்திய. பீடி கிடையாது, தண்ணி கிடையாது. உங்களை மாதிரி சுத்தமான ஆளு இந்த மாவட்டத்துல எங்க கிடைப்பான்? நாளைக்குக் காலையில ஒரு துளி எச்சி. அரசாங்கத்துக்குச் செஞ்ச சேவையில இதையும் சேத்துக்கிடுங்க."

சுத்தமான ஆள் என்பது மறுக்க முடியாத அழைப்பு.

மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் வடகரையிலிருந்து வந்துவிட்டார். குளிக்காமல், டீ குடிக்காமல், வெறும் வாயோடு. உதவியாளர் பச்சைப் பட்டையைக் கட்டினார். இந்த முறை ஓட்டுநர்களும் காய்ந்த தலையோடு வந்தார்கள். முந்தின நாளின் அமைதி யார் முகத்திலும் இல்லை. ஆய்வுக்கு அதுதான் நல்லது என்று மேடம் சொன்னார்.

எச்சில் முடிந்து ரத்தத்துக்கு வந்தார் ஏட்டையா. பிரியா அப்பாவின் கையில் ரப்பர் குழாயைக் கட்டினார். ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கத்தில் நான் கேள்விப் பட்டியலோடு இருந்தேன். புகையிலை இல்லை. மது இல்லை. பதினேழாவது கேள்வி: தூக்கம் வராமல் இருக்க எப்போதாவது மாத்திரை எடுத்ததுண்டா?

எல்லோருக்கும் கேட்கும் கேள்வி. "இல்லை" என்பதில் பேனாவை வைத்துவிட்டேன்.

"இருங்க" என்றார் ஏட்டையா. "இதுல கையெழுத்துப் போடணும்லா?"

"ஆமாம்."

"அப்பம் சரியா எழுதணும்."

ஊசி இறங்கியது. அவர் என்னைப் பார்த்தே சொன்னார். வேறொரு மாவட்டம். எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. இரவு டியூட்டி, மாற்று ஆள் இல்லை. லாரிக்காரர்கள் பணம் நீட்டுவார்கள், இவர் வாங்குவதில்லை. "காசு வாங்காத ஏட்டுன்னு பேரு. ஒருத்தன், தூக்கம் வந்தா இதைப் போடுங்கன்னு ரெண்டு மாத்திரை குடுத்தான். காசு இல்லையே, மாத்திரைதானன்னு வாங்கினேன். பெறவு வாரவன்கிட்ட எல்லாம் கேட்டு வாங்கினேன்."

"எவ்வளவு காலம்?"

"நாலு மாசம்." நான் எழுதினேன். "எழுதாதிய. நாலு மாசம் பத்து நாளு."

"நிறுத்தியது எப்படி?"

"ஒரு கிளீனரை அடிச்சிட்டேன். அவன் ஒண்ணும் செய்யல. கதவைத் திறக்க நேரம் ஆச்சு, அவ்வளவுதான். காதுல ரத்தம். மறுநாள்ல இருந்து போடல. நாப்பது நாளு மனுசனா இல்ல. இந்தப் பிள்ளை அப்பம் ஆறு மாசக் கைக்குழந்தை."

பிரியா ஊசியை உருவிப் பஞ்சை வைத்தார். "ரெண்டு நிமிசம் பிடிங்கப்பா" என்றார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றார் ஏட்டையா. படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் மட்டும் கேட்ட கையெழுத்தை எல்லாப் பக்கத்திலும் போட்டார்.

படிவத்தைப் பார்த்த மேடம், மன்னிக்கணும், இவரைத் தொடாதவர் பக்கத்தில் வைக்க முடியாது என்றார். உதவியாளர் கத்தரியோடு வந்தார். கூடத்தில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பச்சைப் பட்டை வெட்டப்பட்டது. ஏட்டையா கையை எடுக்காமல் நீட்டியபடியே இருந்தார். சிவப்புப் பட்டை கட்டப்பட்டது. அண்ணாச்சி தன் கணக்கில் பச்சையில் ஒன்றை அடித்துவிட்டுச் சிவப்பில் ஒன்றைக் கூட்டினார்.

சிவப்புப் பட்டைக்காரர்களுக்குப் பிற்பகலில் இன்னொரு எச்சில் உண்டு. அதனால் அவர்களுக்கு மட்டும் பதினோரு மணிக்கே தனிப் பந்தி. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல், மோர். ஒரே ஒரு இலை காலியாக இருந்தது. அது இசக்கிமுத்துவுக்குப் பக்கத்தில். ஏட்டையா அங்கே உட்கார்ந்தார். பரிமாற ஆள் போதாமல் நானும் கரண்டியோடு நின்றேன். பந்தியே மெதுவாக மென்றது.

"உனக்கு எப்பம் திரும்ப ஆசை வரும்?" என்று கேட்டார் ஏட்டையா. விசாரணைக் குரலாக அது இல்லை.

"லோடு லேட்டாகும் பாத்தியளா, மொதலாளி போன் மேல போன் அடிப்பாரு. அப்பம் வரும்."

"என்ன செய்வ?"

"ஆரியங்காவு தாண்டி ஒரு இடம் இருக்கு. வண்டியை ஓரம் கட்டி, போனை ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் தூங்கிருவேன். லேட்டுக்கு ஏச்சு வாங்குவேன்." இலையைப் பார்த்தபடி கேட்டார்: "உங்களுக்கு இப்பமும் வருமா?"

ஏட்டையா ஒரு கவளத்தை உருட்டி முடித்தார். "பேரன் பேத்தி எடுக்கப்போற வயசுல என்ன கேள்வி கேக்க?" பிறகு, "வரும்" என்றார். "கோர்ட்டுல சாட்சி சொல்லப் போகும்போதெல்லாம் வந்துச்சு. போன மாசம் உன் விசயத்தை யோசிச்சுட்டு மூணு நாளு உறங்கல. அப்பமும் வந்துச்சு."

மோர் வந்தது. இசக்கிமுத்து வாங்கி ஏட்டையா பக்கம் நகர்த்தினார். "குடிங்க மாமா" என்றார். அதுவரை சார்தான். ஏட்டையா குடித்தார்.

பிற்பகலில் எச்சில் கொடுத்ததும் ஓட்டுநர்கள் துண்டை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்கு ஓடினார்கள். மேடம் அடுத்த முகாமுக்கான பட்டியலில் குளிப்பதைப் பத்தாவது இனமாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். மாலை ரயிலுக்குத் தென்காசிக்கு வந்தபோது சாரல் விட்டிருந்தது. பாம்புகளின் படத்துக்குக் கீழே யாரோ மஞ்சள் தூவி இரண்டு முட்டை வைத்திருந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னது: வடகரையில் ஆவணி இரண்டாம் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. ஐந்தாம் நாள் இசக்கிமுத்து பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் போனார். பக்கத்து இருக்கையில் ஏட்டையா இருந்தார்; லோடு லேட்டாகி முதலாளி போன் அடித்தால் பதில் சொல்வது அவர் வேலையாம்.